வெயிலில் உயரும் பாலம்

சிட்னி துறைமுகப் பாலத்தின் உச்சி கடல்மட்டத்திலிருந்து 134 மீட்டர் உயரம் என்று எல்லாச் சுற்றுலாக் கையேடுகளிலும் போட்டிருக்கும். எண் சரிதான், ஆனால் அது அசையாமல் நிற்கிற எண் அல்ல. கோடை வெயிலில் எஃகு சூடேறி விரியும்போது வளைவின் உச்சி எழும்பும். குளிர் இரவில் இறங்கும். இந்த ஏற்ற இறக்கம் 18 சென்டிமீட்டர் வரை போகும். ஜனவரி மதியத்தில் உச்சியில் போய் நிற்கிறவர், ஜூலை விடியற்காலையில் அதே இடத்தில் நின்றவரைவிட ஏறத்தாழ முக்கால் சாண் உயரத்தில் நிற்கக்கூடும்.

இந்தப் பாலத்தின் மேல் ஏறி இறங்குவது இன்று உலகப் புகழ்பெற்ற விடுமுறைச் சாகசம். 1998 அக்டோபர் 1-ஆம் தேதி பொதுமக்களுக்குத் திறந்துவிட்டதிலிருந்து நாற்பது லட்சம் பேருக்கு மேல் ஏறியிருக்கிறார்கள். ஏறி வந்தவர்களிடம் கேட்டால் ஓபரா ஹவுஸ் மேலிருந்து எப்படித் தெரிந்தது, துறைமுகத்தில் படகுகள் எவ்வளவு சின்னதாக இருந்தன, கால் எப்படி நடுங்கியது என்று உற்சாகமாகச் சொல்வார்கள். காலுக்கு அடியில் இருந்த எஃகைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைவு. அதைத்தான் பேச வேண்டும் என்பது என் எண்ணம். காட்சியைப் பார்க்க எத்தனையோ உயரமான கட்டடங்கள் இருக்கின்றன. ஒரு மாபெரும் கட்டுமானத்தின் எடை எந்த வழியாக இறங்கித் தரைக்குப் போகிறதோ, அந்த வழியிலேயே நடந்து பார்க்கும் வாய்ப்பு உலகத்தில் மிகச் சில இடங்களில்தான் கிடைக்கும்.

நடக்கும் பாதை இதுதான். தி ராக்ஸ் பகுதியில் கம்பர்லாண்ட் தெருவில், பாலத்தின் அணுகுவழிக்குக் கீழே இருக்கிறது நுழைவிடம். முதலில் மூச்சை ஊதச் சொல்லி மது அருந்தியிருக்கிறோமா என்று பார்ப்பார்கள். கைக்கடிகாரம், போன், கேமரா எல்லாவற்றையும் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். பை இல்லாத முழு அங்கி ஒன்றை மாட்டிக்கொண்டு, உலோகம் கண்டுபிடிக்கும் சட்டத்தினூடே நடக்க வேண்டும். மூக்குக்கண்ணாடிக்குக் கயிறு, தொப்பிக்குக் கயிறு, கைக்குட்டைக்குக்கூட ஒரு பிணைப்பு. இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று கேட்பவர்களுக்குப் பதில் கீழே ஓடிக்கொண்டிருக்கிறது. எட்டுத் தடங்களில் வாகனங்கள், இரண்டு தண்டவாளங்களில் ரயில்கள். உச்சியிலிருந்து சாலைக்கு 70 மீட்டருக்கு மேல். அங்கிருந்து அரைக் கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான ஒரு கேமரா நழுவினால், காற்றின் தடையைக் கழித்துக்கொண்ட பிறகும் மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தை ஒட்டி ஒரு காரின் கண்ணாடியில் வந்து இறங்கும்.

இடுப்புப் பட்டையிலிருந்து ஒரு வார் போய், பாதை நெடுகிலும் ஓடும் எஃகுக் கம்பியில் மாட்டிக்கொள்ளும். கம்பியைத் தாங்கும் பிடிகள் வரும் இடங்களில்கூட அதைக் கழற்ற வேண்டியதில்லை. அந்தக் கொக்கி பிடியைத் தாண்டி வழுக்கிக்கொண்டு போகும்படி செய்யப்பட்டது. ஏறத் தொடங்கிய நிமிடத்திலிருந்து இறங்கி முடிக்கும்வரை ஒரு நொடிகூட யாரும் கட்டவிழ்ந்து நிற்பதில்லை. இந்தப் பாலத்தைக் கட்டியவர்களுக்கு இந்தக் கயிறு கிடையாது. 1923-க்கும் 1932-க்கும் இடையில் பாதுகாப்பு வார் இல்லாமல் இதே எஃகின்மேல் நடந்து, உட்கார்ந்து, சுத்தியல் அடித்து வேலை செய்தார்கள். 16 பேர் வேலையில் இறந்தார்கள். ஏறுகிறவர்கள் இதை முதல் படியிலேயே நினைத்துக்கொள்ள வேண்டும்.

சாலைத் தளத்துக்கு அடியில் குறுகலான நடைமேடையில் போய், செங்குத்தான ஏணிகளில் ஏறினால், வாகனங்கள் இரைந்துகொண்டு ஓடும் மட்டத்தைத் தாண்டி வளைவின் மேல் உத்தரத்துக்கு வந்துவிடலாம். அதன்பின் பயப்பட ஒன்றுமில்லை. அகலமான எஃகுப் பாதை, மெல்ல மேலேறும் படிகள், இருபுறமும் கைப்பிடி. வழக்கமான முழு ஏற்றம் ஒரு பக்க வளைவில் ஏறி, உச்சியில் குறுக்கே கடந்து, மறுபக்க வளைவில் இறங்குவது. மொத்தம் 1,332 படிகள், சுமார் மூன்றரை மணி நேரம்.

இங்கே குனிந்து பார்க்க வேண்டியது ரிவெட்டை. தகடு தகடாக அடுக்கிய எஃகின்மேல் வரிசை வரிசையாக அரைக்கோளத் தலைகள், பல அடுக்குச் சாம்பல்நிறப் பெயின்டுக்குள் புதைந்து, ஒன்றுபோல் ஒன்று இல்லாமல் நிற்கும். சில தலைகள் சற்றே சாய்ந்திருக்கும், சிலவற்றில் சுத்தியல் பட்ட சுவடு தெரியும். பாலம் முழுவதிலும் ஏறத்தாழ 60 லட்சம் ரிவெட்டுகள். அவற்றைச் செய்து கொடுத்தது மெல்போர்னில் இருந்த மெக்ஃபெர்சன் நிறுவனம். மிகப் பெரியது ஒவ்வொன்றும் மூன்றரைக் கிலோ எடை, கிட்டத்தட்ட 40 சென்டிமீட்டர் நீளம்.

ரிவெட் அடிப்பது நான்கு பேர் வேலை. ஒருவர் உலையில் ரிவெட்டைப் பழுக்கக் காய்ச்சுவார். காய்ந்ததை இடுக்கியால் எடுத்து எறிவார். தள்ளி நிற்கும் இன்னொருவர் அதை வாளியில் பிடித்துத் துளையில் செருகுவார். மூன்றாமவர் ஒரு பக்கம் முட்டுக்கொடுக்க, நான்காமவர் காற்றழுத்தச் சுத்தியலால் மறுமுனையைத் தலையாகத் தட்டுவார். தலை உருவானதோடு வேலை முடிவதில்லை. மீதி வேலையை ஆறும் சூடு செய்கிறது. 40 சென்டிமீட்டர் ரிவெட் தொள்ளாயிரம் டிகிரி அளவுக்கு ஆறும்போது நான்கு மில்லிமீட்டருக்கு மேல் சுருங்கப் பார்க்கும். இரண்டு தலைகளும் தகடுகளைக் கவ்வியிருப்பதால் சுருங்க இடமில்லை. அந்தச் சுருக்கத்தில் ஒரு பகுதி இழுவிசையாக மாறி ரிவெட்டுக்குள்ளேயே தங்கிவிடும். தகடுகளை ஒன்றோடொன்று நெரித்துப் பிடிக்கும். அந்தப் பிடியும் அதனால் தகடுகளுக்கு இடையே எழும் உராய்வும் இணைப்புக்குப் பெரும் பலம் தருகின்றன. பாலம் கட்டிய நாட்களில் ஆறிய சூடு இன்றைக்கும் அங்கே வேலை செய்துகொண்டிருக்கிறது.

சூட்டோடு இந்தப் பாலத்துக்கு இருக்கும் உறவு அதோடு நிற்கவில்லை. வளைவு ஒரே தாவாகக் கடக்கும் தூரம் 503 மீட்டர். கீழே ஆழமான, கப்பல் நெரிசல் மிக்க துறைமுகம். நடுவில் தூண் நிறுத்திச் சாரம் கட்ட வழியில்லை. நியூ சவுத் வேல்ஸ் அரசின் தலைமைப் பொறியாளர் ஜே. ஜே. சி. பிராட்ஃபீல்டும், ஒப்பந்தம் எடுத்த டார்மன் லாங் நிறுவனத்தின் ஆலோசகர் ரால்ஃப் ஃப்ரீமேனும் தேர்ந்த வழி, இரண்டு கரைகளிலிருந்தும் அரை வளைவுகளைக் காற்றில் நீட்டிக்கொண்டே போவது. நீட்டிய பாதி கடலுக்குள் கவிழாமல் இருக்க, அதன் மேல் முனையை 128 எஃகு வடங்களால் பின்னுக்கு இழுத்து, பாறைக்குள் லாட வடிவில் குடைந்த சுரங்கத்தில் நங்கூரமிட்டார்கள். கட்டிய பகுதியின் மேலேயே கிரேன் ஊர்ந்து முன்னேறி அடுத்த துண்டைக் கீழே படகிலிருந்து தூக்கி வைத்தது.

1930 ஆகஸ்டில் இரண்டு பாதிகளுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மீட்டர் இடைவெளி மிஞ்சியது. ஆகஸ்ட் 7 முதல் இரவும் பகலுமாக வடங்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினார்கள். வடம் தளரத் தளர இரண்டு பாதிகளும் ஒன்றை நோக்கி ஒன்று சாய்ந்தன. ஆகஸ்ட் 19 மாலை அவை தொட்டுக்கொண்டன. பிறகு பொழுது சாய்ந்து எஃகு குளிர, தொட்டவை சுருங்கி மறுபடி விலகின. மேலும் தளர்த்தி, இரவு 10 மணிக்குத்தான் நிலையாகச் சேர்த்தார்கள். பல ஆயிரம் டன் எஃகை ஒரு மாலைக் குளிர் பிரித்துவிட்டது என்பதை அந்த உச்சியில் நின்று நினைத்துப் பார்ப்பதற்கு ஈடாக எந்தக் காட்சியும் இல்லை. மறுநாள் கிரேன்களின் நுனியில் கொடிகளை ஏற்றி நகரத்துக்குச் செய்தி சொன்னார்கள்.

அந்த இரவுக்குப் பிறகு எஃகுக்குள் நடந்த மாற்றம் ஏறுகிறவரின் கால் படும் இடத்தோடு நேரடியாகத் தொடர்புடையது. கட்டும்போது ஒவ்வொரு பாதியும் சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கை. நீட்டிய கையின் மேற்புறம் இழுபடும், அடிப்புறம் அமுங்கும். அதனால் மேல் உத்தரம், அதாவது இன்று மக்கள் நடந்து போகும் பாகம், அப்போது இழுவிசையில் இருந்தது. பாதிகள் சேர்ந்ததும் அவை ஒன்றை ஒன்று தாங்கும் வளைவாகிவிட்டன. சுமை அமுக்கமாக மாறிக் கரைகளை நோக்கி ஓடத் தொடங்கியது. முதலில் அவை தொட்டது கீழ் உத்தரத்தில் மட்டும். அப்படியே விட்டிருந்தால் மேல் உத்தரம் நடுவில் வேலையில்லாமல் கிடந்திருக்கும். அதனால் உச்சியில் மேல் உத்தரத்தின் இரு முனைகளுக்கும் நடுவே நீரழுத்த ஜாக்கிகளை வைத்து நெட்டித் தள்ளி, கணக்கிட்ட அமுக்கத்தை ஏற்றிய பிறகுதான் இடைவெளியை மூடினார்கள். ஆக, மேல் உத்தரத்தில் நடுப்பகுதியை நெருங்க நெருங்கக் காலடியில் விசை கூடிக்கொண்டே போகிறது. பாலத்தின் முனைகளில் நிற்கும் தூண்கோபுரங்களின் அருகே அது மிகக் குறைவு. அங்கே சுமையெல்லாம் கீழ் உத்தரத்துக்கு மாறிவிடும்.

வளைவின் தடிமன் நடுவில் 18 மீட்டர், முனைகளில் 57 மீட்டர். கரையோரம் அவ்வளவு தடித்திருப்பதற்கு ஒரு காரணம் அந்தக் கட்டுமானக் காலம். நீட்டிய கை வேரில்தான் அதிகம் வளையப் பார்க்கும்.

இப்போது தொடக்கத்தில் சொன்ன 18 சென்டிமீட்டருக்கு வருவோம். வளைவின் நான்கு அடிமுனைகளும் பெரிய கீல்களில் உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொரு கீலும் சுமார் 20,000 டன் உந்துதலைச் சாய்வாக வாங்கிப் பாறைக்குள் அனுப்புகிறது. கீலின் முளையைச் சுற்றி வளைவு இம்மியளவு திரும்பலாம், ஆனால் பக்கவாட்டில் நகர முடியாது. எஃகு ஒரு டிகிரி சூடேறினால் தன் நீளத்தில் லட்சத்தில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக விரியும். வளைவின் கோட்டை அளந்தால் ஏறத்தாழ 560 மீட்டர். 30 டிகிரி ஏறினால் 20 சென்டிமீட்டர் நீளும். கரைகள் விலகிக்கொடுக்காது. மிஞ்சிய நீளம் போவதற்கு இருக்கும் ஒரே திசை மேல்திசை. வளைவின் வடிவத்தை வைத்துக் கணக்குப் போட்டால் அந்த 20 சென்டிமீட்டர், உச்சியில் 18 சென்டிமீட்டர் ஏற்றமாக வந்து நிற்கிறது. வளைவு இன்னும் தட்டையாக இருந்திருந்தால் இதே சூட்டுக்கு இன்னும் அதிகம் எழும்பியிருக்கும். கீல் இல்லாமல் அடியைப் பாறையோடு இறுக்கியிருந்தால் இந்த அசைவு எஃகுக்குள் கூடுதல் வளைவு விசையை ஏற்றியிருக்கும். பாலத்தை நகர அனுமதித்ததுதான் பிராட்ஃபீல்டும் ஃப்ரீமேனும் செய்த புத்திசாலித்தனம். பாலத்துக்கு அருகிலேயே இருக்கும் அப்சர்வேட்டரி குன்றின் வானிலை நிலையத்தில் 2013 ஜனவரி 18-ஆம் தேதி 45.8 டிகிரி பதிவானது. அத்தகைய நாட்களில்தான் இந்த அனுமதி கைகொடுக்கிறது.

இரு முனைகளிலும் கம்பீரமாக நிற்கிற 89 மீட்டர்த் தூண்கோபுரங்கள் இந்தச் சுமையில் எதையும் தாங்கவில்லை என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. மொரூயா என்ற ஊரிலிருந்து கொண்டுவந்த கருங்கல்லை முகப்பாகப் போர்த்திய அந்தக் கோபுரங்கள் கண்ணுக்கு நம்பிக்கை தருவதற்காக எழுப்பியவை. கூர்ந்து பார்த்தால் வளைவின் மேல் முனைக்கும் கோபுரத்துக்கும் நடுவே இடைவெளி தெரியும். ஏறுகிறவர்கள் தவறவிடக் கூடாத இடம் அது. அந்த இடைவெளியைப் பார்த்த கணத்திலேயே பாலம் எதன்மேல் நிற்கிறது, எதன்மேல் நிற்கவில்லை என்பது விளங்கிவிடும்.

கால் ஏன் நடுங்குகிறது? இதைக் கோழைத்தனம் என்று நினைத்துப் பலர் வெட்கப்படுகிறார்கள். வெட்கப்பட வேண்டியதில்லை. நேராக நிற்கும் மனித உடல் எப்போதும் ஓரிரு சென்டிமீட்டர் முன்னும் பின்னும் ஊசலாடிக்கொண்டிருக்கும். அந்த ஊசலைக் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பும், பாதமும், கண்ணும் சேர்ந்து கண்டுபிடித்துத் திருத்துகின்றன. ஒரு மீட்டர் தள்ளிச் சுவர் இருந்தால், உடல் இரண்டு சென்டிமீட்டர் சாயும்போது அந்தச் சுவர் கண்ணுக்கு ஒரு டிகிரிக்கு மேல் நகர்ந்ததாகத் தெரியும். மிக அருகில் இருப்பது 100 மீட்டருக்கு அப்பால் என்றால் அதே சாய்வு ஒரு டிகிரியில் நூறில் ஒரு பங்கு. அதைக் கண்ணால் பிடிக்க முடியாது. கண் சொல்கிறது, அசையவில்லை என்று. காதும் பாதமும் சொல்கின்றன, அசைகிறாய் என்று. மூளை குழம்புகிறது, உடல் வழக்கத்தைவிட அதிகமாக ஆடுகிறது. உயரத்தில் வரும் தலைச்சுற்றலுக்கு இந்த விளக்கத்தை ஜெர்மானிய நரம்பியலாளர் தாமஸ் பிராண்ட்டும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் 1980-இல் முன்வைத்தார்கள்.

இதற்கு மருந்தும் இதிலேயே இருக்கிறது. தலையைத் தூக்கித் தொலைவைப் பார்ப்பதை ஒரு கணம் விட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கும் ஒரு ரிவெட் வரிசையையோ கைப்பிடியையோ பார்க்க வேண்டும். கைப்பிடியில் விரலை மெல்ல வைத்தாலே போதும். உடலைத் தாங்காத அளவுக்கு லேசாக, விரல் நுனி மட்டும் நிலையான பொருளைத் தொட்டால்கூட உடலின் ஊசல் வெகுவாகக் குறைகிறது என்று ஜான் ஜெக்காவும் ஜேம்ஸ் லாக்னரும் 1994-இல் காட்டினார்கள். விரல் நுனி அங்கே ஊன்றுகோலாக இல்லை, செய்தி கொண்டுவரும் உறுப்பாக இருக்கிறது. பயந்த சுபாவம் உள்ளவர்களை அழைத்துப் போகிறவர்கள் “கீழே பார்க்காதே” என்று சொல்வதைவிட “பக்கத்தில் இருப்பதைத் தொட்டுப் பார்” என்று சொல்லலாம்.

உச்சியில் நின்றால் தொடுவானம் ஏறத்தாழ 41 கிலோமீட்டர் தள்ளி இருக்கும். அதற்கு அப்பால் இருக்கும் நீலமலைத் தொடரும் தெளிந்த நாளில் தெரியும்; ஆயிரம் மீட்டர் அளவுக்கு உயர்ந்த மலை என்பதால் பூமியின் வளைவைத் தாண்டித் தலைகாட்டுகிறது. காற்று கீழே இருப்பதைவிட வலுவாக வீசும். தரையிலும் கட்டடங்களிலும் உரசி வேகம் இழக்காத காற்று அது. மழையில் ஏற விடுவார்கள். மின்னல் வந்தால் விட மாட்டார்கள்.

இந்த ஏற்றத்தைத் தொழிலாக்கியவர் பால் கேவ். 1989-இல் ஒரு மாநாட்டுக்கு வந்த விருந்தினர்களைப் பாலத்தில் ஏற்ற உதவியபோது அவருக்கு இந்த யோசனை வந்தது. அரசின் துறைகள் எழுப்பிய பாதுகாப்புக் கேள்விகளுக்கெல்லாம் பதில் தேடி அனுமதி வாங்க ஏறத்தாழ பத்தாண்டுகள் ஆயின. பிராட்ஃபீல்டின் இன்னொரு படைப்பான பிரிஸ்பேனின் ஸ்டோரி பாலத்திலும் 2005 முதல் ஏறலாம்.

பாலத்தைக் கட்டியதில் வெளியே தெரியாத பெயர்கள் பல. கேத்லீன் பட்லர் என்ற பெண் பிராட்ஃபீல்டின் செயலாளராக இருந்து, ஒப்பந்தப்புள்ளிகளின் தொழில்நுட்ப நுணுக்கங்களைக் கையாண்டவர். 1924-இல் வடிவமைப்பு வேலைகளை மேற்பார்க்க லண்டனுக்கே அனுப்பப்பட்டார். அந்தக் காலத்தில் ஒரு பெண்ணுக்கு அது எவ்வளவு அரிய பொறுப்பு என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மறுபக்கம், அணுகுவழிக்காக வீடுகளை இடித்தபோது வெளியேற்றப்பட்ட வாடகைக் குடும்பங்கள் நூற்றுக்கணக்கில். அவர்களுக்கு இழப்பீடு கிடைக்கவில்லை.

1932 பிப்ரவரியில் பாலத்தைச் சோதித்தபோது 96 நீராவி இன்ஜின்களைத் தண்டவாளங்களில் வரிசையாக நிறுத்தி, வளைவு எவ்வளவு தாழ்கிறது என்று அளந்தார்கள். மார்ச் 19-இல் திறப்பு விழா. இன்று அந்த அளவெடுப்பு ஒருநாள் சோதனையோடு நிற்பதில்லை. ஒரு சாலைத் தடத்தின் அடியில் உள்ள 800 சிறு வளைவுத் தாங்கிகளில் 2,400 உணரிகள் பொருத்தப்பட்டிருக்கின்றன. வாகனம் கடக்கும் ஒவ்வொரு முறையும் ஏற்படும் அதிர்வை அவை பதிவு செய்ய, எந்தத் தாங்கி மற்றவற்றிலிருந்து மாறுபட்டு நடந்துகொள்கிறது என்று கணினி தேடுகிறது. பழைய பெயின்டை உரிக்க சிட்னி தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் ரோசி, சாண்டி என்ற இரண்டு ரோபோக்களை உருவாக்கினார்கள். ஏறத்தாழ 4,85,000 சதுர மீட்டர் எஃகுப் பரப்பைத் துரு பிடிக்காமல் காப்பது முடிவில்லாத வேலை. உப்புக்காற்று ஓயாது, பெயின்டரும் ஓய முடியாது.

ஏறக் கட்டணம் அதிகம்; குழந்தைகளையும் வயதானவர்களையும் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு எல்லோரையும் ஏற்றுவது கட்டுபடியாகாது. அவர்களுக்கு என் பரிந்துரை வேறு. தென்கிழக்குத் தூண்கோபுரத்தில் 200 படி ஏறினால் வளைவின் பக்கவாட்டைக் கிட்டத்தில் பார்க்கலாம், உள்ளே கட்டுமானக் காலத்துக் கண்காட்சியும் உண்டு. பாலத்தின் கிழக்கு நடைபாதையில் கட்டணமே இல்லாமல் இக்கரையிலிருந்து அக்கரைக்கு நடக்கலாம். எல்லாவற்றையும்விட முக்கியமாக, டாஸ் பாயிண்டில் பாலத்தின் அடிக்குப் போங்கள். மேலே ஏறுகிறவர்கள் பார்க்காத கீல் அங்கே இருக்கிறது. வளைவின் கீழ் உத்தரம் கூராக இறங்கி வந்து ஒரு முளையின்மேல் உட்காரும் இடம் அது. அந்த முளைக்குக் குறுக்களவு 37 சென்டிமீட்டருக்குள்தான், நீளம் நான்கு மீட்டருக்குச் சற்று மேல். வளைவின் எடையில் கால் பங்கை அது ஒன்றே வாங்குகிறது. குழந்தைகளுக்கு முதலில் அதைக் காட்டிவிட்டு, பிறகு தலையை நிமிர்த்தி உச்சியில் ஊர்ந்துபோகும் மனிதர்களைக் காட்டுங்கள்.